780 யூனிட் எங்கே போகிறது?

கேள்வி: மதுரையில் மாடி வீடு. எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேர். 2025 ஏப்ரல்–மே கரண்ட் பில் 780 யூனிட் வந்தது. மழைக்காலத்தில் 460-ஐ ஒட்டித்தான் வரும். வீட்டில் ஒரு ஏசி (2017-இல் வாங்கியது, 1.5 டன், 3 ஸ்டார், ஆர்-410ஏ என்று ஸ்டிக்கரில் இருக்கிறது), ஐந்து ஃபேன், 2009-இல் வாங்கிய 240 லிட்டர் ஃபிரிட்ஜ், ஒரு எச்.பி. மோட்டார், கரண்ட் போனால் ஓடும் யு.பி.எஸ். பேட்டரி இருக்கின்றன. ஏசிக்கு இரண்டு வருஷமாகக் கோடை தொடங்கும்போது கேஸ் போட வேண்டியிருக்கிறது. சிலிண்டர் 40 நாள் வருகிறது. சோலார் போடலாம் என்கிறார் கணவர். சமையலை இண்டக்‌ஷனுக்கு மாற்றச் சொல்கிறான் தம்பி. கடைக்காரர் ஒருவர் ‘பவர் சேவர்’ பெட்டி ஒன்றைக் காட்டுகிறார். பில்லும் குறைய வேண்டும், எங்களால் ஆகும் மாசும் குறைய வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?
வாசகி, மதுரை

பதில்: முதலில் ஏசியின் கேஸ் கசிவை அடைக்க வேண்டும். மாசைப் பொறுத்தவரை உங்கள் வீட்டில் அதைவிட அவசரமான வேலை கிடையாது. அது பில்லில் தனி வரியாக வராது என்பதால் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். பில்லைக் குறைக்கும் வேலைகளின் வரிசை வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

இந்திய மின்தொகுப்பிலிருந்து வரும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் தந்த பில் அளவுகளை வைத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 3,300 யூனிட் அளவுக்குச் செலவாகிறது. அதற்கு 2.3 டன். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்தால் ஏறக்குறைய 42 கிலோ. உங்களுக்கு வருஷத்துக்கு ஒன்பது சிலிண்டர், ஆக 380 கிலோவுக்குள். இனி ஏசியைப் பாருங்கள். ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், புவியைச் சூடாக்குவதில் அது ஏறத்தாழ 2,000 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். 1.5 டன் ஸ்பிளிட் ஏசியில் சுமார் ஒரு கிலோ வாயு இருக்கும். ஒவ்வொரு வருஷமும் அதில் பாதி கசிந்து, பாதியை நிரப்புகிறீர்கள் என்றால் அதுவே ஒரு டன். உங்கள் ஒட்டுமொத்த மின்சாரத்தின் மாசில் பாதியை நெருங்குகிறது. ஒரு சிலிண்டர்கூட எரிக்காமல் இரண்டு வருஷம் சமைத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

ஏசிக்குள் இருக்கும் வாயு வண்டியில் பெட்ரோல் தீர்வதுபோல் தீராது. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைகிறது என்றாலே எங்கோ ஓட்டை இருக்கிறது. எனவே ‘மேலே கொஞ்சம் கேஸ் ஏத்திடலாம்’ என்று சொல்லும் மெக்கானிக்கிடம், முதலில் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் வெளி யூனிட்டில் செம்புக் குழாய்கள் இரண்டும் வந்து சேரும் பிளேர் நட் (விரித்த குழாய் வாயைப் பிடித்து இறுக்கும் நட்) இடத்தில்தான் கசியும். அந்த நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசும் தெரிந்தால் அதுவே அடையாளம், ஏனென்றால் வாயுவோடு கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தே வெளியேறும். ஏசியை அணைத்து அரை மணி நேரம் கழித்துப் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கெட்டியாகக் கலந்து பிரஷ்ஷால் நட்டின் மேல் தடவுங்கள். குமிழ் விட்டால் இடம் தெரிந்துவிட்டது. ஓடும்போது தடவுவதைவிட அணைத்த பிறகு தடவுவது நல்லது. ஓடும்போது தடித்த குழாயில் அழுத்தம் குறைவாக இருக்கும், சின்னக் கசிவு சோப்பில் தெரியாமல் போகும்.

குமிழே வராவிட்டால் உள் யூனிட்டின் சுருள் குழாய் (காயில்) பொத்தலாகியிருக்கலாம். அதை நைட்ரஜன் அழுத்தச் சோதனையில்தான் பார்க்க முடியும். முறையான வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும். இருக்கும் வாயுவை வெளியே திறந்துவிடாமல் தனி சிலிண்டரில் எடுக்க வேண்டும். குழாயில் நைட்ரஜன் ஏற்றி, கேஜ் முள் குறைந்தது அரை மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளேர் வாய் தேய்ந்திருந்தால் அதை வெட்டிப் புதிதாக விரித்துப் போட வேண்டும். நட்டை மட்டும் இன்னும் இறுக்கினால் செம்பு கிழியும், அடுத்த கோடையில் அதே இடத்தில் மீண்டும் கசியும். அதன்பின் வேக்கம் பம்ப் வைத்து இருபது, முப்பது நிமிடம் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். கடைசியாக, வெளி யூனிட் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் எடையைத் தராசில் வைத்து நிரப்ப வேண்டும். பலர் வேக்கம் பம்ப் கொண்டுவர மாட்டார்கள், ஏசியின் வாயுவைக் கொஞ்சம் திறந்துவிட்டே காற்றைத் தள்ளிவிடுவார்கள். அது வாயுவையும் வீணாக்கும், உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரசரையும் அரிக்கும். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே போனில் ‘வேக்கம் பம்பும் வெயிட் மெஷினும் இருக்கா?’ என்று கேட்டுவிடுங்கள். பதில் இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். இன்னொன்று: ஆர்-410ஏ இல்லை, ஆர்-32 போட்டுவிடலாம் என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஆர்-32 மெதுவாகத் தீப்பற்றக்கூடியது, அதற்காகச் செய்யாத யூனிட்டில் அதைப் போடக் கூடாது.

கசிவு உள் காயிலிலோ வெளிக் காயிலிலோ என்றால் கணக்கு மாறும். எட்டு வருஷ ஏசிக்குக் காயில் மாற்றும் செலவில் கொஞ்சம் சேர்த்தால் புதியதே வந்துவிடும். அப்போது மட்டும் புது இன்வெர்ட்டர் ஏசி வாங்குங்கள், ஆர்-32 வாயு உள்ளதாக. அதன் புவிச்சூட்டு அளவு ஆர்-410ஏ-இல் மூன்றில் ஒரு பங்குதான். கடையில் ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள். ஸ்டார் அளவைத் தீர்மானிக்கும் மத்திய அரசு அமைப்பான பி.இ.இ. அவ்வப்போது அளவுகோலைக் கடுமையாக்குவதால் 2017-இன் 3 ஸ்டாரும் இன்றைய 3 ஸ்டாரும் ஒன்றல்ல. லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும், அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. இரண்டு மாடல்களை ஒப்பிட அந்த எண் போதும். கசிவு பிளேர் நட்டில்தான் என்றால் இப்போதைய ஏசியையே வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் மட்டும் ஓடும் ஏசியை மாற்றி மிச்சமாகும் கரண்டில், போட்ட பணம் திரும்ப வர வெகுகாலம் ஆகும்.

இனி பில். நீங்கள் சொன்ன 780-க்கும் 460-க்கும் இடையிலுள்ள 320 யூனிட் ஏறக்குறைய முழுவதும் ஏசிதான். மீதி 460-இல் பெரும்பங்கு ஃபேனும் ஃபிரிட்ஜும். இதை நீங்களே மீட்டரில் சரிபார்க்கலாம், கருவி எதுவும் வேண்டாம்.

ஈ.பி. மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் 3200 அல்லது 1600 போன்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். விளக்கு அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட் ஆனது என்று பொருள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு ஒரு மினுக்கு என்றால் 19 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. 1600 மீட்டரில் அதே மினுக்கு 37.5 வாட். எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு (ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கி, யு.பி.எஸ்.ஸின் பிளக்கையும் பிடுங்கி) பத்து நிமிடம் பாருங்கள். மினுக்கவே கூடாது. மினுக்கினால் வயரிங்கில் எங்கோ லீக் ஆகிறது, வயர்மேனைக் கூப்பிட வேண்டும். மெயினையே இறக்கிய பிறகும் மினுக்கினால் மீட்டரின் கோளாறாக இருக்கலாம், பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.

அது சுத்தமாக இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஹால் ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் 3200 மீட்டரில் நிமிடத்துக்கு நாலு மினுக்கு வரும், அதாவது 75 வாட். ஏசியின் கம்ப்ரசர் ஓடும்போது எண்பது மினுக்கு வந்தால் 1,500 வாட். யு.பி.எஸ்.ஸைத்தான் கவனமாகப் பாருங்கள். கரண்ட் போகாத நாளில், பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது, விளக்கு ஃபேன் எல்லாம் அணைத்து அதை மட்டும் பிளக்கில் விடுங்கள். பத்து நிமிடத்தில் ஐந்தாறு மினுக்குக்கு மேல் வந்தால் பேட்டரி பழசாகிச் சார்ஜ் ஏறி முடியாமல் கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கிறது. பதினாறு மினுக்கு என்றால் 30 வாட். பார்க்கச் சின்ன எண், ஆனால் இரவுபகலாக இழுப்பதால் இரண்டு மாதத்தில் 43 யூனிட். டிஸ்டில்ட் வாட்டர் மட்டம் குறைந்திருந்தாலும் இப்படி ஆகும், முதலில் அதை ஊற்றிப் பாருங்கள். நாலைந்து வருஷப் பேட்டரி என்றால் மாற்றத்தான் வேண்டும். செட்டாப் பாக்ஸும் இதே ரகம்: ரிமோட்டில் அணைத்தாலும் பத்து வாட் இழுத்தால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். செல்போன் சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டுவிடுகிறோமே என்ற கவலை வேண்டாம், அது கணக்கில் வராது.

ஃபிரிட்ஜ் விட்டு விட்டு ஓடுவதால் மினுக்கை எண்ணிப் பயனில்லை. ஊருக்குப் போகும் நாளில் ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு, கிளம்பும்போதும் திரும்பும்போதும் ரீடிங் எழுதி, மணிக்கணக்கால் வகுத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்காத நாள் என்பதால் உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். 2009 ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் வரை எடுத்தால் அது வயதுக்கு ஏற்ற அளவுதான்.

பில்லைக் குறைப்பதற்கு ஒரு இலக்கு வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட். 2025-ஆம் ஆண்டுக் கட்டணப்படி, அந்தக் கோட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை பாதி விலைச் சலுகை கிடைக்கிறது. 501 ஆனதும் அந்தச் சலுகை போய், அந்த ஒரே யூனிட்டால் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடிவிடுகிறது. அதற்கு மேல் வரும் யூனிட்டுகள் எட்டு ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் ஒன்பது ரூபாய்க்கு மேல். கோடையில் 780-லிருந்து 500-க்கு வந்தால் அந்த ஒரு பில்லில் மட்டும் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சும்.

பணத்துக்கு நல்ல பலன் தருவது ஃபேன். ஐந்தையும் மாற்ற வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சுற்றும் மூன்றை மட்டும் குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றுங்கள். பெரும்பாலும் ஹால், நீங்கள் தூங்கும் அறை, மாமியார் அறை. முழு வேகத்தில் 75 வாட் எடுக்கும் இடத்தில் அது 30 வாட் எடுக்கும். பன்னிரண்டு மணி நேரக் கணக்கில் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட், மூன்றுக்கும் சேர்த்து நூறுக்குப் பக்கம். மூவாயிரம் ரூபாய் ஃபேன் இரண்டு, இரண்டரை வருஷத்தில் தன் விலையை எடுத்துவிடும். மாட்டும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிடுவார்கள். பி.எல்.டி.சி. ஃபேனுக்குள் மின்னணு போர்டு இருக்கிறது. ரெகுலேட்டர் வழியாகக் கரண்ட் போனால் ஃபேன் ‘ம்ம்’ என்று இரையும், சீக்கிரம் போர்டும் போகும். எனவே ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். வேகம் ரிமோட்டில். மாமியாருக்கு ரிமோட் பிடிபடவில்லை என்றால் சுவரில் ஸ்விட்ச் வைத்தே வேகம் மாற்றும் மாடல்களும் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். கரண்ட் போனால் பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும் என்பது கூடுதல் லாபம்.

மாற்றாத இரண்டு ஃபேன்களில் பெட்டி மாதிரிப் பெரிய பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? வேகத்தைக் குறைத்து நீங்கள் மிச்சம் பிடிப்பதாக நினைத்த கரண்டில் ஒரு பங்கு அங்கே சூடாகப் போகிறது. சின்ன எலெக்ட்ரானிக் ஸ்டெப் ரெகுலேட்டர் வாங்கிப் போட்டுவிடுங்கள். ஃபேன் முன்னைப்போல் சுற்றவில்லை என்றால் மோட்டாரைக் குறை சொல்லும் முன் கண்டன்சரை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை.

அடுத்தது மொட்டை மாடி. மதுரை வெயிலில் கான்கிரீட் தளத்தின் மேல்பரப்பு மதியம் 55, 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூடு தளத்துக்குள் மெதுவாக இறங்கி, நீங்கள் தூங்கப் போகும் நேரத்தில் கீழ்ப்பக்கம் வந்து சேரும். ராத்திரி பத்து மணிக்கு ஃபேனை அணைத்துவிட்டு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வையுங்கள். கை சுட்டால், ஏசி அறைக்காற்றைக் குளிர்விப்பதைவிட அந்தக் கான்கிரீட்டைக் குளிர்விக்கத்தான் அதிகம் உழைக்கிறது. 26 டிகிரியில் வைத்தும் புழுக்கம் போகவில்லை என்று பலர் 20-க்கு இறக்குவதற்கு இதுதான் காரணம்: காற்று குளிர்ந்திருக்கும், தலைக்கு மேலே சீலிங் அனல் வீசிக்கொண்டிருக்கும்.

தளத்தை வெள்ளையாக்கினால் மேல்பரப்பு பத்துப் பதினைந்து டிகிரி குறையும். மலிவான வழி சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்கு மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையைச் சேர்த்துக் கலக்க வேண்டும். தளத்தில் பாசியும் தூசும் இல்லாமல் தேய்த்துக் கழுவி, லேசாக ஈரமாக்கி, வெயில் ஏறும் முன் அல்லது சாயங்காலம் இரண்டு கோட் அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் காய்ந்து செதில் செதிலாக உரியும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் சுண்ணாம்பில் கை வைக்காதீர்கள், நீற்றும்போது தெறித்தால் கண் போய்விடும். மழை கழுவிவிடும் என்பதால் வருஷா வருஷம் பிப்ரவரியில் அடிக்க வேண்டியிருக்கும். அது தொல்லை என்றால் வெப்பம் பிரதிபலிக்கும் வெள்ளைப் பூச்சு, இன்னும் நீடித்தது வேண்டும் என்றால் வெள்ளைக் கூலிங் டைல்ஸ். பூச்சு வாங்கும்போது டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. எண் (வெயில் சூட்டை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதற்கான அளவு) போட்டிருக்கிறதா என்று பாருங்கள், நூறை ஒட்டி இருந்தால் நல்லது. அந்த எண்ணே இல்லாத டப்பாவில் இருப்பது வெறும் வெள்ளை பெயின்ட். தளத்தில் நீர்க்கசிவு இருந்தால் வெடிப்பை அடைத்துவிட்டுத்தான் எதையும் பூச வேண்டும். மாலையில் தண்ணீர் தெளிப்பதும் சூட்டை இறக்கும், ஆனால் அதற்கு மோட்டார் ஓட வேண்டும், மதுரைத் தண்ணீர் நிலவரத்தில் அதை நான் சொல்ல மாட்டேன்.

தளமும் கேஸும் சரியானபின் ஏசியை 26-இல் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் ஆறு சதவீதம் மிச்சம் என்பது பி.இ.இ. சொல்லும் கணக்கு. உள் யூனிட்டின் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் குழாயடியில் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். வெளி யூனிட்டைத் திருட்டுக்குப் பயந்து கம்பிக் கூண்டில் அடைத்து, மேலே தகரமும் போட்டிருந்தால், அது வெளியேற்றிய அனலையே திரும்ப உறிஞ்சும். கூண்டு இருக்கட்டும், முன்பக்கம் மறைக்காமல் இருக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் ஏசியின் 320 யூனிட்டில் முப்பது சதவீதம் குறைவதை எதிர்பார்க்கலாம், அதாவது தொண்ணூறு நூறு யூனிட்.

ஃபிரிட்ஜை இப்போது தூக்கிப் போடாதீர்கள். புதியது இரண்டு மாதத்துக்கு அறுபது யூனிட் போல மிச்சம் தரும், ஆனால் இருபத்தைந்தாயிரம் ரூபாய் திரும்பி வர ஒன்பது வருஷம்போல ஆகும். அதற்குப் பதில் கதவின் ரப்பரைப் பாருங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் குளிர்ச்சி வெளியேறுகிறது. நாலு பக்கமும் இப்படிச் சோதித்து, தளர்ந்திருந்தால் அதே மாடலுக்கான ரப்பரை மாற்றுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், பின்பக்கக் கம்பி வலையில் ஒட்டடை இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடைத்தெடுங்கள். குளிர் அளவு நடுவில் போதும். என்றைக்காவது கம்ப்ரசர் போனால் அன்றைக்குப் புதிது வாங்குங்கள், ரிப்பேர் வேண்டாம். அப்போதும் பழசைத் திண்ணையில் இரண்டாவது ஃபிரிட்ஜாக ஓட்டக் கூடாது. மின்கழிவு எடுக்கும் உரிமம் பெற்றவரிடமோ கடையின் எக்ஸ்சேஞ்சிலோ கொடுங்கள். பழைய இரும்புக்காரர் குழாயை வெட்டினால் அதிலிருக்கும் வாயுவும் காற்றில்தான் போகும், அது ஏசியில் சொன்ன அதே கதை.

மோட்டாரில் பார்க்க வேண்டியது தொட்டி நிரம்பும் நேரம் மட்டும்தான். முன்பு இருபத்தைந்து நிமிடத்தில் நிறைந்த தொட்டிக்கு இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால், ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருப்பது) கசிகிறது, இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கிறது அல்லது நீர்மட்டம் இறங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றி எடுக்க வேண்டியிருந்தால் ஃபுட் வால்வுதான். தொட்டி வழிந்து தெருவில் ஓடும் பழக்கம் இருந்தால் ஆட்டோமேட்டிக் லெவல் கன்ட்ரோலர் போட்டுவிடுங்கள். பழைய சோக் வைத்த டியூப் லைட்டுகள் மிச்சமிருந்தால் 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட்டாக மாற்றுங்கள். சோக்கோடு சேர்த்து அவை 55 வாட் வரை எடுக்கும்.

பவர் சேவர் பெட்டியை வாங்காதீர்கள். உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் பச்சை விளக்கும் இருக்கும். அது பவர் ஃபேக்டரை (இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்ற விகிதத்தை) கொஞ்சம் திருத்தும், உங்கள் வீட்டு மீட்டர் அதற்கெல்லாம் பணம் கேட்பதில்லை, உண்மையில் செலவான யூனிட்டுக்குத்தான் கேட்கிறது. அந்தப் பச்சை விளக்கு எரியும் கரண்ட் மட்டும் உங்கள் கணக்கில் கூடும்.

இண்டக்‌ஷன் பற்றித் தம்பி சொல்வது உங்கள் வீட்டுக்கு இப்போது பொருந்தாது. ஒரு சிலிண்டரில் சுமார் 180 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது, அடுப்பில் அறுபது சதவீதம் பாத்திரத்துக்குப் போகிறது. அதே சமையலை இண்டக்‌ஷனில் செய்ய 125–130 யூனிட் வேண்டும். சிலிண்டருக்கு 42 கிலோ மாசு, இண்டக்‌ஷனுக்குத் தொகுப்பு மின்சாரத்தில் 90 கிலோ. கோடையில் ஒன்பது ரூபாய் அடுக்கில் அந்த யூனிட்டுகள் விழுந்தால் செலவும் சிலிண்டரைவிடக் கூடும். கூரையில் சோலார் வந்து பகலில் சமைத்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அதுவரை கேஸ் அடுப்பையே ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். பாத்திர அடியில் கரி பிடித்தாலோ சுடர் மஞ்சளாக எரிந்தாலோ பர்னர் அடைத்திருக்கிறது. பர்னரை எடுத்துச் சூடான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துளைகளை ஊசியால் குத்தி, முழுதாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். அப்படியும் மஞ்சள் போகாவிட்டால் ஜெட்டும் காற்றுத் துவாரமும் பார்க்கிற வேலை ஏஜென்சி ஆளுடையது. பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஊறவைத்துக் குக்கரில் போடுவது, முதல் விசில் வந்ததும் சிம்மில் வைப்பது, சுடர் பாத்திர விளிம்புக்கு வெளியே வராமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவு போதும். நாற்பது நாள் சிலிண்டர் நாற்பத்தைந்து நாளாகும்.

கணவர் சொல்லும் சோலார் நல்ல யோசனைதான், ஆனால் கடைசியில். இப்போதைய 780-ஐ வைத்து அளவு போட்டால் விற்பனையாளர் 3 கிலோவாட் எழுதுவார். ஃபேன், கேஸ், யு.பி.எஸ்., தளம் எல்லாம் முடிந்து ஒரு கோடை பில் வந்தபின் பாருங்கள், 2 கிலோவாட்டே போதலாம். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக நாலு யூனிட் தரும், சுமார் நூறு சதுர அடி இடம் வேண்டும். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 மானியம், உச்சவரம்பு 78,000. இடத்தை முடிவு செய்யும் முன் காலை எட்டு மணி, மதியம், மாலை நாலு மணி என மூன்று வேளையும் மாடி ஏறித் தண்ணீர் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலும் எங்கே விழுகின்றன என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். பேனல்கள் வரிசையாக இணைக்கப்படுவதால் ஒன்றில் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிடும். இதைச் சூரியன் தெற்கே தாழ்ந்திருக்கும் டிசம்பரில் பார்ப்பது நல்லது, நிழல் அப்போதுதான் நீளம். பேனல் தெற்கு நோக்கிப் பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்ந்திருக்க வேண்டும், கழுவ ஆள் நுழையும் அளவுக்கு வரிசைகளுக்கிடையே வழி வேண்டும், தாங்கும் கால்களைத் தளத்தில் துளைபோட்டு இறக்குவதாக இருந்தால் அந்த இடங்களில் நீர்க்கசிவு அடைப்பு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சுண்ணாம்போ பூச்சோ அடிப்பதாக இருந்தால் பேனல் ஏறும் முன்பே அடித்துவிடுங்கள், பிறகு அதன் அடியில் பிரஷ் நுழையாது.